பைக்கில் போகும்போது உடம்போடு இருக்க வேண்டிய நாலு வரி

[காட்சி: சாலையோரம் சாய்ந்து கிடக்கும் பைக். பக்கத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது.]

வணக்கம். விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்ததும் அதில் வருபவர்கள் கேட்கும் கேள்விகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் பேர் என்ன? எங்கே வலிக்கிறது? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா? விழுந்தவர் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டால் கவலையில்லை. தலையில் அடிபட்டு மயங்கிவிட்டால்? அல்லது பாஷை தெரியாத ஊரில் விழுந்துவிட்டால்? அப்போது நம் சார்பில் பதில் சொல்லப்போவது நாம் முன்கூட்டியே எழுதி வைத்த நாலு வரிதான். அதில் என்ன எழுதுவது, அதை உடம்பில் எங்கே வைப்பது என்று இன்றைக்குப் பார்க்கலாம்.

[காட்சி: ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டிய ரத்த வகை ஸ்டிக்கர்.]

முதலில் இந்த ஸ்டிக்கரைப் பேசிவிடுவோம். ஹெல்மெட்டிலோ டேங்கிலோ ரத்த வகையை ஒட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்து எந்த டாக்டரும் ரத்தம் ஏற்றமாட்டார். உங்களிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து வகையைச் சோதித்து, ஏற்றப்போகும் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்து, ஒத்துப்போனால்தான் ஏற்றுவார்கள். அதற்கும் நேரமில்லாத நெருக்கடி என்றால் ஓ வகை ரத்தத்தைக் கொடுப்பார்கள். ஹெல்மெட் இரவல் வாங்கியதாக இருக்கலாம், எழுதியது தப்பாக இருக்கலாம். வகை மாறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் யாரும் நம்பி இறங்கமாட்டார்கள். ரத்த வகையை எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அது கடைசி வரியில் இருந்தால் போதும்.

[காட்சி: வெற்று அட்டை. ஒரு கை எழுதத் தொடங்குகிறது.]

மேலே எழுத வேண்டியது, தெரிந்தால் டாக்டர் செய்யப்போவதையே மாற்றக்கூடிய விஷயங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தார், தலை லேசாக இடித்தது, எழுந்து உட்கார்ந்து நன்றாகவே பேசுகிறார். வெளியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மண்டைக்குள் மெல்லிய கசிவு தொடங்கியிருந்தால், மற்றவர்களுக்குத் தானாக நின்றுவிடக்கூடியது இவருக்கு நிற்காமல் போகலாம். மாத்திரை விஷயம் தெரிந்த டாக்டர் காத்திருக்கமாட்டார். சீக்கிரமே ஸ்கேன் எடுக்கச் சொல்வார். வெறுமனே 'ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை' என்று எழுதினால் போதாது, மருந்தின் பெயர் வேண்டும். வார்ஃபரின் என்றால் அதை முறிக்க விட்டமின் கே முதலானவை உண்டு. டாபிகாட்ரான் என்றால் அதற்கென்றே தனி ஊசி இருக்கிறது. ஒன்றுக்கானது மற்றதற்கு உதவாது.

இன்னொரு மருந்து, இதைப் பற்றி பைக் ஓட்டுபவர்கள் அதிகம் பேசிக் கேட்டதில்லை. மெட்டோப்ரோலால், அட்டெனலால், ப்ரொப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள். உடம்புக்குள் ரத்தப்போக்கு இருந்தால் இதயம் அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கும். நாடி ஓட்டமாக ஓடுவதை வைத்துத்தான் ஆம்புலன்ஸில் இருப்பவர்களுக்கு முதல் சந்தேகம் வரும். இந்த மாத்திரை அந்த வேகத்தை அடக்கிவிடுகிறது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும், நாடியோ நிதானமாக இருக்கும். பிரஷருக்கு மட்டுமல்ல, ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும்கூட ப்ரொப்ரனலால் கொடுப்பதுண்டு. அதைச் சாப்பிடுபவர் 'எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே' என்று இருப்பார். அட்டையில் எழுதத் தோன்றாது. தயவுசெய்து எழுதுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் அப்படித்தான். சர்க்கரை இறங்கினால் பேச்சு குழறும், குழப்பம் வரும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள், அல்லது தலையில் அடி என்பார்கள். நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பெரிய அடிபட்டால், அதைத் தாங்கத் தேவையான ஹார்மோனை உடம்பு தானாகச் சுரக்காமல் போகலாம். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். வலிப்பு, பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த பிளேட், கர்ப்பம் எல்லாம் ஆளுக்கு ஒரு சொல்லில் முடிந்துவிடும். அலர்ஜிக்கு மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் செலவழியுங்கள். 'பென்சிலின் அலர்ஜி' என்பதைவிட 'பென்சிலின் – மூச்சுத்திணறல்' என்பது எவ்வளவோ மேல்.

ஒரு நோயும் இல்லை, மருந்தும் இல்லை என்றால்? அதையே எழுதுங்கள். 'மருந்து இல்லை, அலர்ஜி இல்லை' என்பதும் டாக்டருக்குத் தேவையான தகவல்தான்.

மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் எழுதாதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். மாத்திரை அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் பெரும்பாலான நாடுகளில் டாக்டருக்குப் புரியும்.

[காட்சி: கத்தரிக்கோலால் ஜாக்கெட்டை முன்பக்கமாக வெட்டுகிறார்கள்.]

சரி, அட்டை தயார். எங்கே வைப்பது?

இந்தக் காட்சியைக் கவனியுங்கள். பெரிய விபத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருக்கமாட்டார்கள், கத்தரித்து விலக்குவார்கள். அதன் உள்பாக்கெட்டில் வைத்தது துணியோடு துணியாகச் சாலையிலேயே கிடக்கும். பர்ஸைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது. ஹேண்டில்பாரில் மாட்டிய போன் எங்கே பறந்து விழுந்ததோ தெரியாது.

ஹெல்மெட்டுக்குள் வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பிரிட்டனில், தாங்களும் பைக் ஓட்டும் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் தொடங்கியது. கிராஷ் கார்டு என்பார்கள். விவரம் எழுதிய அட்டை ஹெல்மெட்டின் உள்துணிக்கு அடியில் இருக்கும், அது இருப்பதைக் காட்ட வெளியே ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். நல்ல யோசனைதான், அந்தப் புள்ளிக்கு அர்த்தம் தெரிந்தவர் வந்தால். இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. அட்டையைத் தேடும் அவசரத்தில், பக்கத்தில் நிற்பவர்கள் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்துவிடக்கூடாது. கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த இழுப்பு முதுகுத்தண்டைப் பாதிக்கலாம். பயிற்சி பெற்ற இரண்டு பேர், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் மெல்லக் கழற்றுவதுதான் முறை.

அப்படியென்றால் உடம்போடு கடைசி வரை வருவது எது? கை மணிக்கட்டு, இல்லையென்றால் கழுத்து. நாடி பார்க்க அவர்கள் கை வைக்கும் இடங்களே அவைதான், தேடாமலே கண்ணில் படும். 1956-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மெடிக்அலர்ட் அமைப்பு மருத்துவ விவரம் பொறித்த கை வளையத்தைப் பரப்பியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரு டாக்டரின் மகள் விரலை வெட்டிக்கொண்டாள். டெட்டனஸ் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கொடுத்த சோதனை அளவே அவள் உயிரை எடுக்கப் பார்த்தது. அந்த அலர்ஜியை அவள் வாய் திறக்காமலே அடுத்தவருக்குத் தெரிவிக்க ஒரு வழி தேடினார்கள் பெற்றோர். வளையம் அப்படி வந்ததுதான்.

ஆகவே ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை, ஒத்துக்கொள்ளாத மருந்து போன்ற முக்கியமான ஒன்றிரண்டு கையில் பொறித்த வளையமாக இருக்கட்டும். முழு விவரம் லேமினேட் செய்த அட்டையாகப் பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். கியூஆர் கோடு வைத்த வளையமும் கிடைக்கிறது. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது திறக்காது என்பதால், முக்கியமானதை எழுத்திலேயே பொறித்த வளையத்தைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

[காட்சி: பூட்டிய போனின் திரை.]

அப்புறம், போன். 2005-இல் பிரிட்டனில் பாப் பிராச்சி என்ற ஆம்புலன்ஸ் பணியாளர், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணை 'ஐஸ்' (ICE, அதாவது In Case of Emergency, அவசரம் என்றால்) என்ற பெயரில் போனில் சேமித்து வையுங்கள் என்றார். உலகமெங்கும் பரவியது. இன்று எல்லோர் போனும் பூட்டித்தான் கிடக்கிறது, காண்டாக்ட் பட்டியலில் சேமித்ததை மட்டும் நம்ப முடியாது. ஐபோனில் ஹெல்த் ஆப்பில் மெடிக்கல் ஐடி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் அவசரத் தகவல் பகுதியைத் தேடுங்கள். நிரப்பியதோடு விட்டுவிடாமல், பூட்டிய நிலையிலும் காட்ட அனுமதி கொடுங்கள். பிறகு போனைப் பூட்டி வீட்டில் வேறு ஒருவர் கையில் கொடுத்து, அவசர அழைப்புத் திரை வழியாக அவருக்கு விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். 2022-இல் ஐபோன் 14-உடன் வந்த விபத்து உணரும் வசதி கார் விபத்துகளை மனதில் வைத்துச் செய்தது. பைக்கில் விழுந்தால் அது கூப்பிட்டுவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

அவசரத்துக்கு அழைக்க யாரை எழுதுவது? பெரும்பாலும் கணவர் அல்லது மனைவி பேர்தான் இருக்கும். விழுந்த அன்று அவரே பின்சீட்டில் இருந்தால்? அதனால் உங்களோடு பைக்கில் வராத ஒருவர் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைத்தாலும் எடுப்பவராக, உங்கள் மருந்து விவரம் அறிந்தவராக இருந்தால் நல்லது. எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதி, பக்கத்தில் அக்கா, அப்பா என்று உறவையும் குறியுங்கள். வீட்டு முகவரி வேண்டாம். அட்டையும் சாவியும் ஒன்றாகத் தொலைந்தால் வம்பு.

அட்டையின் மூலையில் எழுதிய தேதியைப் போடுங்கள். மாத்திரை மாறிய அன்றே பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். எழுதும்போதே பின்சீட்டில் வருபவருக்கும் ஒன்று எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.