நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

நண்பர்களே, எந்த நிறச் சட்டை போடலாம் என்பதுதான் இன்டர்வியூ என்றதும் வருகிற முதல் கேள்வி. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேலே வெள்ளை அல்லது வெளிர்நீலம், கீழே கருநீலம் அல்லது கரும்சாம்பல். வியர்த்துக் கொட்டுகிற உடம்பா? வெள்ளையே போடுங்கள். நீலத்தில் அக்குள் ஈரம் வட்டமாகத் தெரியும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. எல்லோரும் கண்ணாடி முன் நின்றுதான் உடையைப் பார்க்கிறார்கள்; இன்டர்வியூ நடப்பதோ உட்கார்ந்து! ஆகவே முதல் நாளே முழு உடையும் ஷூவும் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் 10 நிமிடம் உட்காருங்கள். வயிற்றருகே பொத்தான்களுக்கு நடுவே சட்டை பிளக்கிறதா? அப்படியானால் ஒரு அளவு பெரிது வேண்டும். பேன்ட் மேலேறிக் கால் தோல் தெரிகிறதா? கெண்டைக்கால் பாதிவரை வருகிற, பேன்ட் நிறத்திலேயே உள்ள சாக்ஸ் போடுங்கள். ஃபைலை நீட்டுவதுபோல் முன்னால் குனியுங்கள். கழுத்து இறங்குகிறதா, பின்னால் சட்டை வெளியே வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பெண்கள் பாவாடை, கவுன் எதுவானாலும் உட்கார்ந்த நிலையில் முழங்காலை மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போது தோளை முதலில் பாருங்கள். தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கை நீளத்தையும் இடுப்பையும் தையல்காரர் எளிதாகச் சரிசெய்துவிடுவார். தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை. காலர் பொத்தானைப் போட்டபின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பருத்திச் சட்டையை லேசான ஈரத்தோடு தேயுங்கள். காலரை முனையிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து தள்ளினால் சுருக்கமெல்லாம் முனையில் வந்து சேரும், எதிரே இருப்பவர் கண்ணில் படுவதும் அந்த முனைதான். கருநிற பேன்ட் மேல் மெல்லிய துணி விரித்துத் தேயுங்கள். நேரே சூடு பட்டால் துணி பளபளக்கும், பிறகு அது எளிதில் போகாது. தேய்த்த சூட்டோடு போட்டால் முழங்கை மடிப்பில் உடனே கசங்கும். 10 நிமிடம் மாட்டி வையுங்கள்.

புதுக் கோட்டின் பின்பிளவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் குறுக்குத் தையலை வெட்டிவிடுங்கள். கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்டது அது. புது ஷூவை நான்கைந்து நாள் வீட்டிலேயே தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள்.

பர்ஸும் சாவிக்கொத்தும் பேன்ட் பையில் இருந்தால் உட்கார்ந்ததும் புடைக்கும். காத்திருக்கும்போதே எடுத்துக் கைப்பையில் போட்டுவிடுங்கள், போனையும் அணைத்து.