கூமுட்டை முதல் பித்தன் வரை: திட்டும் சொற்கள் பிறந்த இடம்

[காட்சி: கூரை ஓரம் ஒரு கூடை. உள்ளே வைக்கோல், அடைகாக்கும் கோழி.]

குரல்: பாகூரில் என் பாட்டி கோழியை அடைக்கு வைத்தால் 21 நாள் கணக்கு. நாள் நெருங்கும்போது முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே மெல்ல ஆட்டிப் பார்ப்பார். உள்ளே களக் களக்கென்று கேட்டால் தனியே வைத்துவிடுவார். அது கூழ்முட்டை. கரு உருவாகாமல் உள்ளிருந்தது கூழாகக் கலங்கிப்போன முட்டை. பேச்சில் தேய்ந்து கூமுட்டை ஆயிற்று. அடையில் இருந்த நாளும் ஓட்டின் நிறமும் மற்ற முட்டைகளைப் போலத்தான். குஞ்சு மட்டும் வராது. வகுப்பில் பாடம் புரியாத பிள்ளையை இந்தச் சொல்லால் அழைப்பது எனக்குப் பொறுக்காது. இனி இதிலிருந்து எதுவும் பிறக்காது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறது அது.

மக்கு அவ்வளவு கொடியதல்ல. எருக்குழியில் குப்பை மக்குகிறதே, அதே சொல்தான். கூரும் பொலிவும் போய் மங்குவது.

[காட்சி: ஆற்றங்கரை. கையில் எரியும் கொள்ளிக்கட்டை.]

குரல்: ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று அறிய எரியும் கொள்ளியை நீரில் வைத்துப் பார்த்த சீடனை நினைவிருக்கிறதா? 18ஆம் நூற்றாண்டில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் வருபவன் அவன். குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஐந்தும் அப்போது ஊரில் புழங்கிய வசைகள். மூடனும் மிலேச்சனும் வடமொழியிலிருந்து வந்தவை. மூடநம்பிக்கையில் இருப்பதும் அந்த மூடம்தான்.

பேதை எனக்கு மிகவும் பிடித்த சொல். ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ள சிறுமிக்கு இலக்கியம் வைத்த பெயர் பேதை. உலகம் இன்னும் தெரியாத வயது. அங்கே இழிவு துளியும் இல்லை. வள்ளுவரோ பேதைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, முதல் குறளிலேயே அதற்கு இலக்கணம் சொல்கிறார்: "ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்." கெடுதலைக் கையில் பிடித்துக்கொண்டு நன்மையை நழுவவிடுவது. படிப்பு இல்லாததை அவர் பேதைமை என்று சொல்லவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் தவறுவதைச் சொல்கிறார்.

[காட்சி: பாகூர் ஏரிக்கரை. மடையிலிருந்து வாய்க்காலில் பாயும் நீர்.]

குரல்: அடுத்தது மடையன். வெள்ளக் காலத்தில் ஏரியில் மூழ்கி, உயிரைப் பணயம் வைத்து மடையைத் திறந்தவர்தான் மடையர் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்ட ஆள்தான் முட்டாள் என்றும் சொல்கிறார்கள். வில்லியனூர்த் தேரோட்டத்தில் சக்கரத்தின் அருகே கட்டையோடு நிற்பவரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை உண்மையாகிவிடக் கூடாதா என்றிருக்கும். ஒரு நொடி பிசகினால் அவர் கை போகும். ஆனாலும் இந்த விளக்கத்துக்குச் சான்று காட்டியவர் யாரையும் நான் கண்டதில்லை.

மடையனுக்கு விடை அகராதியிலேயே இருக்கிறது. மடை என்றால் சோறும்தான். கோயில் மடைப்பள்ளியில் இருப்பது அந்த மடை. அதனால் மடையன் என்பதற்குச் சமையற்காரன் என்று ஒரு பொருள் உண்டு. திட்டும் மடையன் வேறு. அவனுக்கு வேர் மடம், அதாவது அறியாமை. மடமை அதன் உடன்பிறப்பு.

[காட்சி: தென்பெண்ணை ஆற்று மணல்.]

குரல்: கடலூர் அருகே கடலில் கலக்கும் இதே பெண்ணையாற்றின் தென்கரையில், மேற்கே இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். உடலில் பித்தம் மிகுந்தால் புத்தி தடுமாறும் என்பது பழைய மருத்துவம். பித்தன், பைத்தியம் இரண்டும் அதிலிருந்து வந்தவை. சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு நுழைந்து, நீ என் அடிமை என்றார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசினார். வந்தவர் இறைவன் என்று திருவெண்ணெய்நல்லூரில்தான் தெரிந்தது. என்ன பாடுவது என்று தெரியாமல் நின்றவரிடம், நீ என்னை ஏசிய சொல்லாலேயே தொடங்கு என்றார் அவர் என்பது புராணம். சுந்தரர் பாடல்கள் அடங்கிய ஏழாம் திருமுறையை இன்று பிரித்தாலும் முதல் சொல் அதுதான்: "பித்தா."