சிறைக்குள் ஊசியும் சிறைக்கு வெளியே பிணையும்

தலைமை தாங்கும் மாவட்ட முதன்மை நீதிபதி அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு இடையிலும் இசைந்து வந்திருக்கும் சிறைக் கண்காணிப்பாளர் அவர்களே, மண்டபத்தைத் தந்ததோடு ஒலிபெருக்கிச் செலவையும் ஏற்றுக்கொண்ட வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். சிறைகளில் தடுப்பூசி, காசநோய், நெரிசல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்னும் பழமொழியை நான் மேடைதோறும் சொல்வதாக நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இன்றும் அதை விடுவதாக இல்லை.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஒடெஸாவில் பிறந்து, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றி, காலராத் தடுப்பூசியோடு இந்தியா வந்திருந்த வால்டெமர் ஹாஃப்கினை அரசு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்களை வைத்துக்கொண்டு, அவர் பிளேக் கிருமியை வளர்த்து, சூட்டினால் கொன்று, மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று அந்த ஊசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். கடுங்காய்ச்சல் கண்டது, ஆனால் தேறிவிட்டார். அம்மாத இறுதியில் பம்பாயின் பைகுல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தபோது, தாமாக முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது, மற்றவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. இரு சாராரும் ஒரே மதிலுக்குள் இருந்து, ஒரே சோற்றைத்தான் உண்டார்கள். போட்டுக்கொண்டவர்களை நோய் பெரும்பாலும் தொடவில்லை. சாவு விழுந்ததெல்லாம் போட்டுக்கொள்ளாதவர்களிடையேதான். பூட்டிய கதவுக்குள் இருப்பவன் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்று இங்குள்ள வழக்கறிஞர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் ஊருக்கு இந்த ஊசியின் பலனை முதலில் காட்டியவர்கள் அந்தக் கைதிகளே.

அவர்களுக்கு நாம் பட்ட கடனை எப்படித் தீர்த்தோம்? கொரோனா தடுப்பூசி இந்நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. சிறைவாசிகள் உள்ளிட்ட, அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு ஊசி போடும் நெறிமுறையோ மே 6 அன்றுதான் வந்தது. அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள். நாம் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு மண் தேடினோம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை குத்தும் ஊசியும் பலர் கைமாறும் சவர பிளேடும் இந்நோயைப் பரப்பக்கூடியவை. வழக்கமான முறையில் முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போட வேண்டும். அதற்குள், வழக்கு முடியாமல் சிறையில் இருக்கும் விசாரணைக் கைதி வெளியே போயிருப்பார், அல்லது வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருப்பார். முதல் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் என விரைந்து போட்டு, ஓராண்டு கழித்து நான்காவது ஊசி போடும் முறையும் உண்டு. இங்கிலாந்துச் சிறைகளில் இந்த விரைவு முறையே கையாளப்படுகிறது.

காசநோயைப் பற்றி விரிக்க இன்று நேரமில்லை. பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் காப்பு வளர்ந்தவர்களிடம் உறுதியற்றது என்பதால், சிறைக்குள் வரும் நாளிலேயே பரிசோதிக்க வேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன்.

நோயைப் பரப்பும் நெரிசலைக் குறைக்கும் வழி பிணை; நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். 2022 ஆண்டிறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தொற்றுக்கு அஞ்சி 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், சிறை நெரிசலைக் குறைக்க மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்கச் சொன்னது. கொரோனாவுக்காகத் திறக்க முடிந்த கதவைக் காசநோய்க்காகத் திறக்கக் கூடாதா? பிணை கிடைத்தும் பணம் கட்ட வழியின்றி உள்ளே கிடக்கும் ஏழைக்காக அரசே கட்டும் திட்டம் 2023-இல், 40,000 ரூபாய் வரம்போடு, வந்துவிட்டது. அதைக் கைதிக்கு எடுத்துச் சொல்ல ஒவ்வொரு கிளைச் சிறைக்கும் ஒரு சட்ட உதவி வழக்கறிஞர் வாரந்தோறும் போக வேண்டும் என்றுதான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன்.

யாரை விடுவிக்கலாம் என்று ஆராயும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் தலைவராகிய நீதிபதி அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பிணை கிடைத்தும் வெளியேறாத காரணத்தையும் போட்ட ஊசிகளின் விவரத்தையும் குறிக்கச் செய்யுங்கள்; விடுதலையாகும் நாளில், மீதி ஊசியை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள அவர் கையில் ஒரு அட்டை கொடுத்தனுப்ப உத்தரவிடுங்கள்.