500 வாட்னு போட்டிருந்தா 500 வாட் வருமா? கேமிங் பிசிக்கு எஸ்எம்பிஎஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே! மேசை மேல ரெண்டு எஸ்எம்பிஎஸ், அதாவது சுவத்து கரண்ட்டை பிசிக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கற பவர் சப்ளை டப்பா, வச்சிருக்கேன். இடது பக்கம் இருக்கறதுல 500 வாட்னு போட்டிருக்கு. வலது பக்கம் இருக்கறது 650 வாட். படிச்சுப் பார்த்தா 150 வாட்தான் வித்தியாசம். ஆனா இடது பக்கம் இருக்கறதை ஒரு கேமிங் பிசில நான் மாட்டவே மாட்டேன். ஏன்னு இன்னைக்குப் பொறுமையா பேசலாம். நிறைய பேரு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ப்ராசசருக்கும் பார்த்துப் பார்த்து செலவு பண்ணிட்டு, கடைசில மிச்சம் இருக்கற காசுக்கு எது கிடைக்குதோ அதை வாங்கி உள்ள வைக்கறாங்க. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கும்.

ராம் போச்சுன்னா ராம் மட்டும்தான் போகும். ஃபேன் போச்சுன்னா ஃபேன் மட்டும்தான். எஸ்எம்பிஎஸ் அப்படி இல்ல. மதர்போர்டு, கார்டு, எஸ்எஸ்டின்னு உள்ள இருக்கற ஒவ்வொரு பார்ட்டுக்கும் கரண்ட் அது வழியாத்தான் வருது. அதனால நான் முதல்ல கேட்கற கேள்வி ஒண்ணுதான்: இது பழுதாகும்போது தான் மட்டும் நின்னு போகுமா, இல்ல கூட இருக்கறதையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுமா? மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சரி, இந்த 500 வாட் ஸ்டிக்கரைக் கிட்ட காட்டறேன். ஃபோகஸ் ஆகட்டும்... இப்ப தெரியுதா? கட்டம் கட்டமா 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட்னு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழ எத்தனை ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. நீங்க பார்க்க வேண்டியது 12 வோல்ட் கட்டம். இதுல 18 ஆம்ப்ஸ். 12ஐயும் 18ஐயும் பெருக்குங்க, 216. அவ்வளவுதான், 216 வாட். இன்னைக்கு ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட எல்லா பவரையும் இந்த 12 வோல்ட்லதான் எடுக்குது. அப்ப 500ங்கற நம்பர் எங்க இருந்து வந்துச்சு? 3.3லயும் 5லயும் பெரிய பெரிய ஆம்ப்ஸ் போட்டு எல்லாத்தையும் கூட்டியிருக்காங்க. ஒரு காலத்துல ப்ராசசரே 5 வோல்ட்ல இருந்து பவர் எடுத்துச்சு, அப்ப அதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. 2000 வாக்குல ப்ராசசருக்குன்னே தனி 12 வோல்ட் கனெக்டர் வந்ததுல இருந்து கதை மாறிடுச்சு. அந்தப் பழைய டிசைனையே இன்னும் புது டப்பாவுல போட்டு விக்கறாங்க.

இப்ப வலது பக்கம் வாங்க. 12 வோல்ட்ல 54 ஆம்ப்ஸ். பெருக்கினா 648. ஸ்டிக்கர்ல 650. கணக்கு நேரா இருக்கு பாருங்க. கடையில நின்னுக்கிட்டே போன்ல கால்குலேட்டரைத் திறந்து இதை நீங்களே பண்ணிப் பார்க்கலாம். இந்த ரெண்டு நம்பரும் ரொம்பத் தள்ளிப் போச்சுன்னா, அந்த டப்பாவை அங்கேயே வச்சிட்டு வந்துடுங்க.

இன்னொண்ணும் காட்டறேன். இடது பக்க எஸ்எம்பிஎஸ் பின்னாடி ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கு, 115, 230னு. அப்படி ஸ்விட்ச் இருந்தா உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது சுவத்துல இருந்து கரண்ட்டைச் சீரா இழுக்கற சர்க்யூட் இல்ல, பழைய டிசைன்னு அர்த்தம். ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கறதுக்கு இந்த ஸ்விட்சே தேவையில்ல, வர்ற வோல்டேஜைப் பார்த்து அதுவே சரி பண்ணிக்கும். 230 வோல்ட் வர்ற இடத்துல அந்த ஸ்விட்ச் தெரியாம 115 பக்கம் நகர்ந்திருந்தா, பிளக்கைப் போட்ட உடனே வெடிக்கும்.

அடுத்து 80 பிளஸ். இதுலதான் குழப்பம் ஜாஸ்தி. "கோல்டு வாங்கிட்டேன், இனி பயமில்ல"ன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. 80 பிளஸ் 2004ல வந்த ஒரு சான்றிதழ். அது அளக்கறது ஒண்ணே ஒண்ணை: சுவத்துல இருந்து எடுக்கற பவர்ல எத்தனை சதவீதம் பிசிக்குப் போய்ச் சேருது, எவ்வளவு சூடா வீணாகுதுன்னு. 115 வோல்ட் டெஸ்ட்ல, பாதி லோடுல பிரான்ஸ், அதாவது வெண்கல பேட்ஜ் வாங்க 85 சதவீதம் வேணும், அதுக்கு மேல இருக்கற கோல்டு பேட்ஜ் வாங்க 90 சதவீதம் வேணும். நல்ல விஷயம்தான், நான் வேண்டாம்னு சொல்லல. உங்க பிசி 400 வாட் எடுக்குதுன்னு வைங்க. 85 சதவீதம்னா சுவத்துல இருந்து 470 வாட் போகும், 90 சதவீதம்னா 444. அந்த 26 வாட்டும் டப்பாவுக்குள்ள சூடா மாறாம மிச்சமாகுது, ஃபேன் சத்தமும் குறையுது. ஆனா ஷார்ட் ஆனா அது கட் ஆகுமா, 12 வோல்ட் உண்மையிலேயே 12லயே நிக்குதா, இதெல்லாம் அந்த பேட்ஜுக்குத் தெரியாது. டெஸ்ட்டும் 23 டிகிரி ரூம்ல நடக்கறது. உங்க கேபினட்டுக்குள்ள, கார்டு ஓடிக்கிட்டிருக்கும்போது 23 டிகிரி எங்க இருக்கப் போகுது?

போற போக்குல ஒண்ணு. "650 வாட்ல 80 சதவீதம்னா 520 வாட்தான வரும்?"னு கேட்கறவங்களுக்கு: இல்ல. ஒழுங்கா செஞ்ச 650 வாட் சப்ளை 650ஐயும் பிசிக்குக் கொடுக்கும். அதுக்காக சுவத்துல இருந்து இன்னும் அதிகமா இழுக்கும், அவ்வளவுதான்.

பேட்ஜை மட்டும் நம்பக் கூடாதுங்கறதுக்கு ஒரு நல்ல உதாரணம் ஊரறிஞ்ச விஷயம்தான். கிகாபைட்டோட பி750ஜிஎம், பி850ஜிஎம்னு ரெண்டு மாடல். ரெண்டுமே 80 பிளஸ் கோல்டு, ஃபுல்லி மாடுலர், அதாவது எல்லா கேபிளையும் கழட்டி மாட்டலாம். அதிக லோடு கொடுத்து டெஸ்ட் பண்ணினவங்க கையில இதுல பல வெடிச்சுது. 2021 ஆகஸ்ட்ல கம்பெனியே அறிக்கை விட்டுச்சு. அளவுக்கு மீறி பவர் இழுத்தா கட் பண்ற ஓவர் பவர் ப்ரொடெக்‌ஷன் அதுவரைக்கும் ரேட்டிங்ல 120ல இருந்து 150 சதவீதத்துக்குள்ளதான் வேலை செய்யற மாதிரி இருந்துச்சு, அதை 110ல இருந்து 120க்குக் குறைச்சோம்னு சொன்னாங்க. அதாவது 850 வாட் சப்ளை ஒண்ணு கிட்டத்தட்ட 1,300 வாட் வரைக்கும் இழுத்தாலும் கட் ஆகாம ஓடலாம்னு விட்டிருந்தாங்க. கோல்டு பேட்ஜ் அப்பவும் அது மேல இருந்துச்சு.

அதனால நீங்க தேட வேண்டியது ப்ரொடெக்‌ஷன். வோல்டேஜ் ஏறினா கட் ஆகறதுக்கு ஓவிபி, இறங்கினா யூவிபி, கரண்ட் எகிறினா ஓசிபி, மொத்த பவர் எகிறினா ஓபிபி, சூடு ஏறினா ஓடிபி, ஷார்ட் ஆனா எஸ்சிபி. பட்டியல்ல ஆறும் போட்டிருந்தா மட்டும் போதாது, அது எந்த அளவுல வேலை செய்யுதுன்னு யாராவது அளந்து பார்த்திருக்கணும். முக்கியமா ஓடிபி. விலை குறைஞ்ச மாடல்ல பெரும்பாலும் முதல்ல காணாமப் போறது அதுதான்.

அளந்து பார்த்தது எங்க கிடைக்கும்? சைபெனெட்டிக்ஸ்னு ஒரு லேப் இருக்கு. அவங்க எஃபிஷியன்சிக்கு ஈட்டான்னும், சத்தத்துக்கு லாம்டான்னும் ரேட்டிங் கொடுக்கறாங்க. ஒவ்வொரு மாடலோட டெஸ்ட் ரிப்போர்ட்டும் அவங்க வெப்சைட்லயே இலவசமா இருக்கு. ரிப்போர்ட்டைத் திறந்தா பயந்துடாதீங்க, ரெண்டு இடம் பார்த்தா போதும். ஒண்ணு ரிப்பிள், அதாவது வோல்டேஜ் நேரா நிக்காம அலை மாதிரி ஏறி இறங்கற அளவு. 12 வோல்ட்ல ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, அது பிசி பவர் சப்ளை எப்படி இருக்கணும்னு இன்டெல் போட்ட ஏடிஎக்ஸ் கைடு வச்ச எல்லை. நல்ல யூனிட் எல்லாம் அதுல பாதிக்கும் கீழ நிக்கும். ரெண்டாவது, இப்ப சொன்ன ப்ரொடெக்‌ஷன் டேபிள்.

பிராண்டு பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, மாடல் பேரை வச்சு முடிவு பண்ணுங்க. நிறைய பிராண்டுக்கு சொந்தமா எஸ்எம்பிஎஸ் ஃபேக்டரி கிடையாது. சீசோனிக், சூப்பர் ஃப்ளவர் மாதிரி சில கம்பெனி சொந்தப் பேர்லயும் விக்கறாங்க, மத்தவங்களுக்கும் செஞ்சு கொடுக்கறாங்க. சிடபிள்யூடின்னு ஒரு கம்பெனி, பெரும்பாலும் மத்தவங்களுக்குத்தான் செய்யுது. ஒரே பிராண்டுல ஒரு சீரிஸ் ஒரு ஃபேக்டரி, இன்னொரு சீரிஸ் வேற ஃபேக்டரி. பிராண்டு நல்ல பிராண்டுன்னு சொல்லி அவங்களோட இருக்கறதுலயே மட்டமான சீரிஸை வாங்கிட்டு வந்துடக் கூடாது.

இப்ப எத்தனை வாட் வேணும்? ஒரு கணக்கு போடலாம். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070, 250 வாட். ப்ராசசர் ரைசன் 7 7800எக்ஸ்3டி, கம்பெனி சொல்ற டிடிபி ரேட்டிங் 120 வாட், ஆனா சாக்கெட் வழியா உச்சமா 162 வாட் வரைக்கும் விடும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் ஒரு 70 வைங்க. மொத்தம் 482. கேம்ல ரெண்டும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போறது அபூர்வம். என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட் சொல்றாங்க, சரியாத்தான் இருக்கு. நாளைக்கு இன்னும் பெரிய கார்டு போடுவேன்னா 750 எடுங்க. இதுக்குப் போய் 1,200 வாட் வாங்காதீங்க. அந்தக் காசுல தரமான 750 வாங்கலாம், நான் அதைத்தான் செய்வேன்.

அப்ப 482க்கு 500 வாட் போதாதான்னு கேட்பீங்க. போதாது. கார்டு 250 வாட்ங்கறது சராசரி. கண்ணிமைக்கற நேரத்தை விட ரொம்பச் சின்ன நேரத்துக்கு அது பல மடங்கு எகிறி இறங்கும். 2020ல ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தப்ப இதனாலதான் நல்ல சப்ளை போட்டிருந்தவங்களுக்கே கேம் நடுவுல பிசி பட்டுனு ஆஃப் ஆச்சு. ஓசிபி அதை ஷார்ட்னு நினைச்சு கட் பண்ணிடுச்சு. 2022ல இன்டெல் ஏடிஎக்ஸ் 3.0 வெளியிட்டப்ப இதுக்கு ஒரு விதி வச்சாங்க. கார்டுக்குன்னு வந்த புது கனெக்டர் ஒண்ணு இருக்கு, அடுத்து காட்டறேன்; அதோட வர்ற சப்ளை, தன்னோட ரேட்டிங்ல ரெண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கணும். 650 வாட்னா 1,300 வாட், ஒரு செகண்டுல பத்தாயிரத்துல ஒரு பங்கு நேரம். அதனால புதுசா வாங்கறவங்க ஏடிஎக்ஸ் 3.0 இல்ல 3.1னு இருக்கறதையே எடுங்க.

இனி நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போற விஷயம், இந்த கனெக்டர். இதோ, பெரிய பின் 12, மேல சின்ன பின் 4. பழைய 8 பின் கனெக்டர் ஒண்ணு 150 வாட். இது ஒண்ணே 600 வாட். 600ஐ 12ஆல வகுத்தா 50 ஆம்ப்ஸ். அந்த 50 ஆம்ப்ஸும் ஆறு பின் வழியாப் போகுது, ஒரு பின்னுக்கு 8 ஆம்ப்ஸுக்கு மேல. எல்லா பின்னும் நல்லா பதிஞ்சிருந்தா சரி. ரெண்டு பின் சரியா தொடலைன்னா மிச்சம் நாலு பின் அந்த சுமையைத் தூக்கணும். பின் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். 2022 கடைசில 4090 கார்டுல உருகின கனெக்டர் போட்டோவெல்லாம் பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் வந்த திருத்தம்தான் 12வி-2×6. அதுல அந்த நாலு சின்ன பின்னையும் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சிருக்காங்க. பிளக் முழுசா உள்ள போகலைன்னா அது தொடாது, கார்டு பவரே எடுக்காது.

மாட்டும்போது பாருங்க, இப்படி நேரா பிடிச்சு, ரெண்டு பக்கமும் சமமா அழுத்தறேன். இங்க ஒரு கோடு மாதிரி இடைவெளி தெரியுதா? இது பாதிதான் போயிருக்கு. இன்னும் கொஞ்சம்... இப்ப இடைவெளி இல்ல. லாக் மாட்டிக்கிச்சான்னு லேசா இழுத்துப் பாருங்க. கேபிளை கனெக்டர் பக்கத்துலயே மடக்காதீங்க, குறைஞ்சது 35 மில்லிமீட்டர் நேரா வந்து அப்புறம் வளையட்டும். கேபினட் கண்ணாடி கேபிளை அமுக்குதுன்னா அகலமான கேபினட்தான் வழி. உங்க கார்டு 8 பின் ரெண்டு கேட்குதுன்னா, ஒரே கேபிள்ல தொங்கற ரெண்டு முனையையும் மாட்டாம, தனித்தனி கேபிள் ரெண்டு இழுங்க.

யூபிஎஸ் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கரண்ட் போன நொடியில யூபிஎஸ் பேட்டரிக்கு மாற சில மில்லி செகண்ட் ஆகும். அதுவரைக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ள கரண்ட்டைச் சேமிச்சு வைக்கற பெரிய கெபாசிட்டர்தான் பிசியைத் தாங்கணும். 80 சதவீத லோடுல 17 மில்லி செகண்ட் தாங்கணும்னு விதி. விலையைக் குறைக்க சின்ன கெபாசிட்டர் போட்டிருந்தா யூபிஎஸ் இருந்தும் பிசி ரீஸ்டார்ட் ஆகும். அப்ப யூபிஎஸ்ஸைத் திட்டறாங்க, பாவம். இதுவும் சைபெனெட்டிக்ஸ் ரிப்போர்ட்ல ஹோல்டு அப் டைம்னு இருக்கும்.

ஆர்ஜிபி கலர் லைட் உங்க இஷ்டம். சைஸ் உங்க கேபினட்டைப் பொறுத்தது, நீளம் அளந்துட்டு வாங்குங்க. வாரன்டி 7 வருஷம், 10 வருஷம்னு கொடுக்கறவங்க உள்ள போட்ட கெபாசிட்டரை நம்பித்தான் கொடுக்கறாங்க, அதனால அதைப் பாருங்க. 105 டிகிரி சூடு வரைக்கும் தாங்கற கெபாசிட்டர்னு போட்டிருந்தா நல்லது. அதைச் சரி பார்க்கறேன்னு சொல்லி டப்பாவை மட்டும் திறந்துடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

கடைசியா மாடுலர் கேபிள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தும்போது, பழைய கேபிளை அப்படியே விட்டுட்டு டப்பாவை மட்டும் மாத்தாதீங்க. கேபிளோட மதர்போர்டு பக்க முனைக்கு ஸ்டாண்டர்டு இருக்கு, எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்கு இல்ல. பிளக் கச்சிதமா பொருந்தும், ஆனா 5 வோல்ட் வர வேண்டிய பின்ல 12 வோல்ட் வரலாம். ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஆன் பண்ணின உடனே போயிடும், கூடவே அதுல இருக்கற போட்டோ, வேலை எல்லாமே. ஒரே பிராண்டுலகூட சீரிஸுக்கு சீரிஸ் மாறும். புது பாக்ஸ்ல வந்த கேபிளை மட்டும் போடுங்க, பழைய கேபிளை பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட சேர்த்தே கட்டி எடுத்து வைங்க.

உங்க கார்டு, ப்ராசசர், நீங்க பார்த்து வச்சிருக்கற எஸ்எம்பிஎஸ்ஸோட முழு மாடல் பேரு, மூணையும் கீழ எழுதுங்க. ஸ்டிக்கர் போட்டோ கையில இருந்தா 12 வோல்ட் ஆம்ப்ஸையும் சேர்த்துப் போடுங்க. நான் பார்த்து பதில் சொல்றேன். வரட்டுமா?