பதிவு போட்டாச்சா?

மலையக நேயர்களுக்கும், தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கும் வணக்கம். உங்களை ஆளாக்கியவர்களைப் பற்றி இந்த வானொலியில் பேசுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா ஆயாம்மா.

பிள்ளைக் காம்பரா என்றால் தோட்டத்துப் பிள்ளை காப்பகம் என்று நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடியக்காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அம்மாமார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். விட்டத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு, இடுப்பில் படங்குச் சாக்கு ஈரமாகத் தொங்க, பால் கொடுக்க ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் ஆயாம்மா வாசலில் நிற்பார். கைக்குழந்தையோடு புதிதாக வருகிற எவரிடமும் ஒரே கேள்விதான்: "புள்ளைக்குப் பதிவு போட்டாச்சா?"

பிறப்புப் பதிவைத்தான் சொல்கிறார். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்பார். இல்லையென்று சொன்னால் விடமாட்டார். மாலையில் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கே போய், வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அப்பாவைப் பிடித்துக்கொள்வார். ஆயாம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதிவு முடிந்த பிள்ளைக்குச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். சுவருக்கு வெள்ளையடித்தால் ஒரு கோடு விடாமல் மறுபடியும் போடுவார். எது எந்தப் பிள்ளையின் கோடு என்று அவருக்குத் தெரியும்.

ஏன் அவ்வளவு பிடிவாதம்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். மலையைக் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களிடம் காகிதம் எங்கே இருக்கும்? அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் மனுப் போடலாம் என்றார்கள். கலியாணம் ஆனவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். ஆயாம்மாவின் புருஷனும் மனுப் போட்டார். காட்டிய காகிதத் துண்டு போதாது என்று தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கணக்குப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் போக, தம்பி இருந்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவுக்குப் போக ஆயாம்மாவின் முறை வந்தது.

ஹட்டன் ஸ்டேஷன் அன்று எப்படி இருந்தது என்று போய் நின்றவர்களுக்குத் தெரியும். தகரப் பெட்டிகள், கட்டிய பாய்கள், அழுகை. கோச்சி நகர ஆரம்பித்தது. ஆயாம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் தம்பியை இடுப்பில் வைத்திருந்த அம்மாவைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மா அழுதுகொண்டே திரும்பத் திரும்பத் தலையாட்டினார்: "போட்டாச்சு, ஆயாம்மா. போட்டாச்சு."

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோதும், ஆசிரியையாக வேலைக்குப் போனபோதும் நான் நீட்டியது அவர் என் அப்பாவை நச்சரித்துப் போட வைத்த அந்தப் பதிவைத்தான். நன்றி சொல்ல அவருடைய விலாசம் என்னிடம் இல்லை.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எங்கள் வாத்தியாரைப் பற்றி நிறையச் சொல்லத்தான் வந்தேன். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் ஒருவராகவே நடத்தியவர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையன்று, இருட்டோடு டோர்ச் வெளிச்சத்தில் எங்கள் மூன்று பேரையும் ஹட்டன் வரைக்கும் நடத்தியே கூட்டிப் போனார். போகிற வழியில் ஆளுக்கொரு பணிஸ் வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை. அன்றைக்கு அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.