இம்பூறல் வேரும் கணினித் திரையும்

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், ஆடை வடிவமைப்பு பயிலும் மாணவியர் முன் ஆற்றிய உரை)

அவையோருக்கும் மாணவியருக்கும் வணக்கம்.

நீங்கள் வைத்திருக்கும் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். ஒரு மேசையில் கணினியில் வரைந்த பேட்டர்ன்கள், அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடங்கள். எதிர் மேசையில் மாதுளை ஓடு, மஞ்சள், அவுரி கொண்டு சாயமிட்ட துணிகள். இரண்டிலும் நல்ல உழைப்பு தெரிகிறது. ஆனால் இந்த மேசைத் துணி ஒன்றுகூட அந்த மேசைப் பேட்டர்னில் வெட்டப்படவில்லை. பாடத்திலும் இவை தனித்தனித் தாள்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் ஊர் மணலிலிருந்தே தொடங்குகிறேன். மணற்பாங்கான நிலத்தில் தாழ்வாகப் படர்ந்து, சின்னஞ்சிறு வெள்ளைப் பூ பூக்கும் இம்பூறல் செடியைப் பார்த்திருப்பீர்கள். சித்த மருத்துவத்தில் அது மூலிகை. சாயத்தொழிலில் அதன் வேருக்கே மதிப்பு. சாயவேர் என்றே பெயர். வேர்ப்பட்டையில் அலிசரின் என்ற சிவப்பு நிறப்பொருள் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பூத்துணிகளின் சிவப்பும், மதுரைச் சுங்குடியின் பழைய சிவப்பும் இந்த வேர் தந்தவை. எதிர்க்கரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், வேர் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தம் கையில் வைத்துக்கொண்டு வருமானம் பார்த்தார்கள். 1868-இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். மலிவான ஆலைச் சிவப்பு வந்தது. வேரை நம்பியிருந்தவர்களின் பிழைப்பு போயிற்று.

அந்தச் சிவப்பில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வெறும் பருத்தியில் அலிசரின் நிற்காது. முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்துகிறோம். பிறகு படிகார நீரில் இடுகிறோம். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பிடித்துக்கொள்ள, படிகாரத்தில் உள்ள அலுமினியம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அலுமினியத்தோடுதான் அலிசரின் சேர்கிறது. கூடவே கால்சியமும் இருந்தால் சிவப்பு பளிச்சென்று எழும். சிப்பி மக்கிய மணலில் ஊறும் நீரில் கால்சியம் தானாகவே கரைந்திருக்கும். சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோமே, அந்தக் கடினத்தன்மைதான் இங்கே துணை செய்கிறது. இரும்பு கலந்த நீரானால் அதே சிவப்பு கறுத்து மங்கிவிடும். ஆகவே ஒரே துணியை, ஒரே வேரை, உங்கள் ஊர்களின் வெவ்வேறு கிணற்று நீரில் சாயமிட்டு, கிணற்றின் பெயரை எழுதி ஒட்டி வையுங்கள். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத ஏடு அது.

வேருக்காக மணல்மேட்டைத் தோண்டாதீர்கள். வேரை எடுத்தால் செடி செத்துவிடும்; மணலைப் பிடித்து வைத்திருக்கும் பசுமையும் போய்விடும். கல்லூரித் தோட்டத்தில் பாத்தி போட்டு வளருங்கள். வேரில் நல்ல நிறம் ஏற இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பீட்ரூட் துணிச்சாயம் ஆகாது. சில சலவைகளிலேயே அதன் நிறம் போய்விடும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கொட்டி நிறமேற்றிவிட்டு, கழிவுநீரை வாய்க்காலில் விட்டால் அதை இயற்கைச் சாயம் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

இனி கணினிக்கு வருகிறேன். முழுத் துணியையும் சாயமிட்டு, பிறகு வெட்டுவது வழக்கம். அப்போது கழுத்து வளைவிலும் கைக்குழி ஓரத்திலும் விழும் வெட்டுத்துண்டுகளும் சாயத்தைக் குடித்திருக்கும். இரண்டு ஆண்டு காத்து எடுத்த வேரைக் குப்பைக் கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை. முதலில் வெட்டிவிட்டு, பாகங்களை மட்டும் சாயமிட்டால் என்ன? செய்யலாம். ஆனால் கொதிநீரில் துணி சுருங்கும். அதுவும் பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஓர் அளவு; ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஓர் அளவு. அதைப் பேட்டர்னிலேயே கணக்கில் கொண்டுவர வேண்டும்.

பரமக்குடிப் பக்கம் நெய்த கைத்தறித் துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைச் சாயம் போகாத நூலால் தைத்துக் குறியுங்கள். கஞ்சி நீக்குவதிலிருந்து சாயம் வரை எல்லாவற்றையும் முடித்து, உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள். பாவில் 47, ஊடையில் 49 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பாவில் 6 சதவீதச் சுருக்கம். 100 செ.மீ. நீளக் குர்தாவுக்கு 6 சதவீதம் கூட்டி 106 என்று வெட்டினால் முடிவில் 99.6-தான் நிற்கும். 100-ஐ 0.94-ஆல் வகுக்க வேண்டும், 106.4 வரும். சீம்லி, வாலன்டினா போன்ற இலவச மென்பொருள்களில் அளவை ஒரு சூத்திரமாகவே எழுதலாம். துணி மாறினால் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் போதும். ஒரு கை பாவு வாக்கில், மற்றொரு கை ஊடை வாக்கில் வெட்டப்பட்டால் இரண்டும் இரு நீளமாகிவிடும். ஆகவே பாவின் திசையை எல்லாப் பாகத்திலும் குறித்து வையுங்கள். வெட்டிய ஓரங்கள் பிரியாமல் ஓவர்லாக் போடுங்கள். ஒரு சட்டையின் எல்லாப் பாகங்களும் ஒரே சாயத்தொட்டியில் ஒன்றாக இறங்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் ஒரு சிவப்பு, பின்பக்கம் வேறொரு சிவப்பு என்று ஆகிவிடும்.

இறுதியாண்டு மாணவியருக்கு ஒரு வேலை தருகிறேன். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் ஆண்களின் சட்டையை அணிந்து, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த வேலைக்கென்று ஒரு சட்டையை நீங்கள் வடிவமைத்துத் தரலாம். மென்பொருளோடு வரும் அளவுப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அந்த அக்காமாரிடம் அனுமதி கேட்டு நேரில் அளவெடுங்கள். நின்ற நிலையில் மட்டும் அளந்தால் போதாது. கையை முன்னே நீட்டிக் குனியும்போது முதுகு எவ்வளவு விரிகிறது என்பதையும் அளக்க வேண்டும்.

இந்தச் சட்டைக்குக் கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பைத் தவிருங்கள். நாளாக ஆக இரும்பு பருத்தியை இற்றுப்போகச் செய்யும். அவுரியில் சாயமிட்டுக் கொடுங்கள். ஒரு பருவம் அவர்கள் உடுத்திய பிறகு அதே சட்டைகளைக் கேட்டு வாங்கி, நிறம் எங்கே வெளுத்திருக்கிறது, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று மேசையில் விரித்துப் பார்த்து, அடுத்த பேட்டர்னைத் திருத்துங்கள்.