காலம் கிளப்பின் பக்கம்

வணக்கம் நேயர்களே. 2025 ஆகஸ்ட் மாதம் முழுக்க, கால்பந்து பார்ப்பவர்கள் வாயில் ஒரே பெயர்தான் இருந்தது: அலெக்சாண்டர் இசாக். நியூகாசில் யுனைடெட் கிளப்பின் முன்கள ஆட்டக்காரர், சுவீடன்காரர், அந்த வருடம் மார்ச்சில்தான் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக ஒரு கோல் அடித்து, எழுபது வருடமாக உள்நாட்டுக் கோப்பை எதையும் தொடாத அந்த ஊருக்கு ஒரு கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். ஐந்தே மாதத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. அணியோடு ஆசியச் சுற்றுப்பயணத்துக்குப் போகவில்லை, லீக் தொடங்கியபோது ஆடவில்லை, கிளப் தனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டது, இனி இங்கே தொடர முடியாது என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். போகலாம் என்று நாங்கள் யாரும் வாக்குக் கொடுக்கவே இல்லை என்று கிளப் மறுத்தது. ஒப்பந்தமோ 2028 வரை இருந்தது. கடைசியில் செப்டம்பர் 1 ஆம் தேதி, டிரான்ஸ்பர் விண்டோ (ஆட்டக்காரர்கள் கிளப் மாற அனுமதிக்கப்பட்ட காலம்) மூடுகிற நாளில், பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்காத 12.5 கோடி பவுண்டுக்கு, அதே லிவர்பூலுக்கே போய்ச் சேர்ந்தார்.

நியூகாசில் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தன் இஷ்டப்படி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருக்கும்போது ஆட மாட்டேன் என்று உட்கார்வதை நானும் ஏற்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வாரங்களில் பேச்சு இசாக்கோடு நிற்கவில்லை. இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கே விசுவாசம் கிடையாது, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே கிளப்புக்காக உயிரைக் கொடுத்து ஆடினார்கள், பணம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று பலரும் பேச ஆரம்பித்தார்கள். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் காலத்தில் பலர் கிளப்பை விட்டுப் போகாததற்குக் காரணம், அவர்களைப் போக விடவில்லை என்பதுதான். அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் இதே நியூகாசில் கிளப்பின் பழைய கதையைப் பார்த்தால் போதும்.

1960 இல் அங்கே ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்று ஒரு ஆட்டக்காரர் இருந்தார். அருமையான இடது கால், இங்கிலாந்து அணியின் வாசலில் நின்ற ஆள். கிளப் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்பது அவர் குறை, ஆட்டத்துக்கு வெளியே ஏற்பாடு செய்துகொடுத்த வேலையும் சரியில்லை, வேறு கிளப்புக்கு விடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றார்கள். அவருடைய ஒப்பந்தம் அந்த ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது, ஆகவே அவர் பாட்டுக்குக் கிளம்பியிருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றும். இங்கிலாந்தில் அன்று இருந்த விதி அப்படி இல்லை. சீசன் முடிந்ததும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பட்டியல் போடும், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விற்கிறோம் என்று. வைத்துக்கொள்கிறோம் என்ற பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், உங்கள் ஒப்பந்தம் தீர்ந்திருந்தாலும் உங்கள் பதிவு கிளப்பிடமே இருக்கும். கிளப் நீட்டுகிற புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றால் சம்பளம் கிடையாது, லீக்கில் வேறு எந்தக் கிளப்பும் உங்களைச் சேர்க்கவும் முடியாது. அதற்கு மேல், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று ஒரு உச்சவரம்பும் இருந்தது. அது 1961 ஜனவரியில்தான், ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்ற பிறகுதான், போனது.

ஈஸ்ட்ஹாம் கையெழுத்துப் போடவில்லை. நியூகாசிலை விட்டுத் தெற்கே போய், தெரிந்தவர் ஒருவரிடம் கார்க் விற்கும் வேலையில் சேர்ந்துவிட்டார். இருபத்து மூன்று வயது, உடம்பும் ஆட்டமும் உச்சத்தில் இருக்கிற வயதில், கார்க் விற்றுக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து, அந்த நவம்பரில், கிளப் இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது. சரி, போனால் போகட்டும் என்று அவர் விட்டிருக்கலாம், அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சங்கத்தின் துணையோடு நியூகாசில் மேல் வழக்கு நடத்தினார். 1963 இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த ஒருவரை இப்படிப் பிடித்துவைப்பது, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமில்லாத தடை. (அதே ஈஸ்ட்ஹாம் 1972 இல், முப்பத்தைந்து வயதில், ஸ்டோக் சிட்டிக்காக லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தார். எனக்குப் பிடித்த செய்தி இது, சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

இனி போஸ்மன் கதை. பெயரைக் கேட்டிருப்பீர்கள், போஸ்மன் தீர்ப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று பலருக்குத் தெரியாது.

ழான்-மார்க் போஸ்மன் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்காரர். 1988 இல் ஆர்.எஃப்.சி. லியேஜ் கிளப் அவரை 30 லட்சம் பெல்ஜிய பிராங்குக்கு வாங்கியது. மாதச் சம்பளம் போனசோடு சேர்த்து சுமார் 1,20,000 பிராங்க். 1990 ஜூன் 30 ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. புது ஒப்பந்தம் தருகிறோம் என்றார்கள், மாதம் 30,000 பிராங்க், அதாவது பெல்ஜியக் கால்பந்து சங்கத்தின் விதி அனுமதித்த ஆகக் குறைந்த தொகை. நாலில் ஒரு பங்கு சம்பளத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அவர் மறுத்தார். உடனே அவரை விற்பனைப் பட்டியலில் போட்டு, வாங்குகிறவர் எங்களுக்குத் தர வேண்டிய தொகை 1 கோடியே 17 லட்சம் பிராங்க் என்று விலை வைத்தார்கள். சம்பளம் கொடுக்கும்போது 30,000 க்கு மேல் தகுதி இல்லாத ஆள், விற்கும்போது மட்டும் வாங்கிய விலையைப்போல நாலு மடங்கு மதிப்புள்ள ஆள்! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிரான்ஸின் இரண்டாம் பிரிவில் ஆடிய டன்கர்க் கிளப் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மாதம் சுமார் ஒரு லட்சம் பிராங்க், கையெழுத்துப் போடும்போது தனியாக ஒரு தொகை. இரண்டு கிளப்புகளும் பேசி, முதல் வருடத்துக்கு 12 லட்சம் பிராங்க் என்று முடிவும் ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு சான்றிதழ் மட்டும்தான், இவரை மாற விடுகிறோம் என்று பெல்ஜியச் சங்கத்திலிருந்து பிரெஞ்சுச் சங்கத்துக்குப் போக வேண்டிய சான்றிதழ். டன்கர்க்கிடம் பணம் இருக்கிறதா என்று லியேஜ் கிளப்புக்குச் சந்தேகம் வந்தது, சான்றிதழை அனுப்பச் சொல்லவில்லை, கெடு தேதி போய்விட்டது, ஒப்பந்தம் செத்துவிட்டது. வேலையை விட்டுப் போகிறேன் என்றவரின் சர்டிபிகேட்டை மேஜைக்குள் பூட்டிவைக்கும் முதலாளிகளை நமக்குத் தெரியும், அதே வேலைதான். அதோடு விடவும் இல்லை. ஜூலை 31 ஆம் தேதி அவரை இடைநீக்கம் செய்தார்கள், அந்த சீசன் முழுக்க எங்கேயும் ஆட முடியாதபடி.

எட்டே நாளில் போஸ்மன் லியேஜ் நீதிமன்றத்துக்குப் போனார். வக்கீல்களில் ஒருவர் ழான்-லூயி துபோன் என்ற இளைஞர், இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு ஐந்து வருடத்துக்கு மேல் நடந்தது. அந்த ஐந்து வருடத்தில் போஸ்மன் பிரான்ஸில் ஒரு சின்ன கிளப், அப்புறம் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு (நம் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவுதான்), திரும்பி பெல்ஜியத்தின் கீழ்ப் பிரிவுகள் என்று அலைந்தார். 1995 டிசம்பர் 15 ஆம் தேதி லக்சம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் போகும்போது கட்டணம் கேட்பது தொழிலாளர்களின் நடமாட்ட உரிமைக்கு எதிரானது, ஒன்றியத்து நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைப்பதும் அப்படியே.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்த கதை. எட்கர் டேவிட்ஸ் 1996 இல் அயாக்ஸிலிருந்து மிலானுக்கு, சால் கேம்பெல் 2001 இல் டாட்டனத்திலிருந்து பரம வைரியான ஆர்சனலுக்கு, லெவண்டோவ்ஸ்கி 2014 இல் டோர்ட்மண்டிலிருந்து பயர்னுக்கு, எல்லாரும் ஒரு பைசா கட்டணம் இல்லாமல். சம்பளம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. போஸ்மனுக்குத் தீர்ப்பு வந்தபோது வயது முப்பத்தொன்று. அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது. மன அழுத்தத்திலும் குடியிலும் விழுந்து எழுந்ததை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் பெயரால் கோடிகளைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

பாடுபட்டு ஆள் வளர்த்த சின்ன கிளப்புகளுக்கு இது அடி இல்லையா என்று கேட்பீர்கள். அடிதான். 1995 இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற நெதர்லாந்தின் அயாக்ஸ் அணி சில வருடத்திலேயே சிதறிப்போனதில் இந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு மருந்து ஆட்டக்காரரைக் கட்டிவைப்பது இல்லை. 2001 இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா கொண்டுவந்த விதிகளில் பயிற்சி இழப்பீடு (ஆளை வளர்த்த கிளப்புக்குப் புது கிளப் தரும் தொகை) என்று ஒன்று இருக்கிறது, நாடு விட்டு நாடு போகும்போது டிரான்ஸ்பர் தொகையில் 5 சதவீதம் அந்த ஆட்டக்காரரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்றும் இருக்கிறது. போதவில்லை என்றால் அதை 10 ஆக்கச் சொல்லிக் கேட்கலாம், நான் ஆதரிப்பேன்.

கிளப்புகள் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஆள் இலவசமாகப் போய்விடுவார் என்றால், முடிவதற்கு முன்னாலேயே கழுத்தைப் பிடிக்க வேண்டும், இல்லையா? 2023 ஜூனில் பிரெஞ்சு நட்சத்திரம் கிலியன் எம்பாப்பே, 2024 க்குப் பிறகு ஒரு வருடம் நீட்டிக்கும் வாய்ப்பை எடுக்கப்போவதில்லை என்று பாரிஸ் கிளப்புக்குக் கடிதம் கொடுத்தார். ஒப்பந்தப்படி அது அவருடைய உரிமை. அவரை ஜப்பான் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போகவில்லை, லீக்கின் முதல் ஆட்டத்தில் சேர்க்கவில்லை, சவூதி கிளப் அல் ஹிலால் 30 கோடி யூரோ தருகிறேன் என்றபோது பேச அனுமதியும் கொடுத்தார்கள். அவர் அசையவில்லை, ஒரு வருடம் ஆடிவிட்டு 2024 இல் கட்டணமின்றி ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். எம்பாப்பேயால் முடியும். கையில் பணம் இருக்கிறது, உலகமே பார்க்கிறது. மூன்றாம் பிரிவில் வாடகை வீட்டில் இருக்கிற இருபத்தாறு வயது தடுப்பாட்டக்காரரைத் தனியாகப் பயிற்சி செய் என்று ஒதுக்கினால் யார் பார்ப்பார்கள்? அப்படி நெருக்கி ஒப்பந்தத்தை மாற்ற வைப்பதோ முறிக்க வைப்பதோ முறைகேடான நடத்தை என்று 2018 இல் ஃபிஃபா விதியில் சேர்த்தது, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால் முன்னறிவிப்புக் கொடுத்து ஆட்டக்காரர் விலகலாம் என்றும் சேர்த்தது. நல்ல விதிகள்தான், ஆனால் அவற்றை நிலைநாட்ட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கால்பந்து ஆட்டக்காரருக்கு மொத்தமே பன்னிரண்டு பதினைந்து வருடம்தான் தொழில். இந்தச் சண்டைகளில் கிளப்பின் கையில் இருக்கிற பெரிய பலம் அதுதான். காத்திருப்பதால் கிளப்புக்கு வயதாவதில்லை.

லாசானா டியாராவைப் பாருங்கள். பிரான்ஸ் அணிக்கு ஆடியவர். 2014 இல் சம்பளத் தகராறில் ரஷ்யாவின் லோகோமோட்டிவ் மாஸ்கோ கிளப் அவர் ஒப்பந்தத்தை முறித்து, தவறு அவர் பக்கம் என்று வாதாடியது, ஃபிஃபாவும் அவர் 1 கோடியே 5 லட்சம் யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது. அவரைச் சேர்க்கும் புது கிளப்பும் அந்தத் தொகைக்குப் பொறுப்பு என்பது விதி. பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் அவரைக் கேட்டது, அந்தப் பொறுப்பு எங்கள் தலையில் விழாது என்று உறுதி கொடுங்கள் என்றது, உறுதி கிடைக்கவில்லை, சான்றிதழும் வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு சீசன் அப்படியே போனது. அவருக்காக வாதாடியவர்களில் அதே துபோன் இருந்தார். 2024 அக்டோபர் 4 ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் ஃபிஃபாவின் அந்த விதிகள் சட்டத்துக்கு முரண் என்றது. டியாரா ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒப்பந்தம் முறிந்ததா, யார் மேல் தப்பு, எவ்வளவு நஷ்டம் என்பதெல்லாம் நிதானமாக விசாரிக்கட்டும், ஆட்டக்காரர் மேல் தப்பு என்றால் பணமும் கட்டட்டும், ஆனால் அதுவரை அவர் எங்காவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். டியாரா தீர்ப்புக்குப் பிறகு 2024 டிசம்பரில் ஃபிஃபா இடைக்கால விதிகளைக் கொண்டுவந்தது, ஒப்பந்தச் சண்டையைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைக்க முடியாது என்பது அதில் ஒன்று. 1990 கோடையில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் போஸ்மன் டன்கர்க்கில் ஆடியிருப்பார்.

நன்றி, வணக்கம்.